ஒரு கட்டையின் பள்ளி வாழ்க்கை

சிறிய மரப்பெட்டி அது. பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, மூடியைப் பக்கவாட்டில் மெதுவாக உருவிவிட்டு, பெட்டியை நேராக மேலே தூக்கினால் இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்று முழு உருவமாக நிற்கும். கை பட்ட பிறகுதான் அது ஒரே கட்டை இல்லை, ஓரங்குலத் துண்டுகள் எட்டு என்பது தெரியும். துண்டுகளை அப்படியே கொட்டிக் கொடுக்க அனுமதி கிடையாது. குழந்தை முதலில் முழுசைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே அது பிரியலாம். 1830களின் பிற்பகுதியில், ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டை ஒட்டிய பாட் பிளாங்கன்புர்க் என்ற சிற்றூரில் இதைச் செய்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 'மூன்றாம் பரிசு' என்று அவர் இதற்குப் பெயர் வைத்தார்.

மரத்துண்டை வைத்துப் பிள்ளைகள் விளையாடுவது ஃப்ரோபெலின் கண்டுபிடிப்பு அல்ல. தச்சுப் பட்டறை இருந்த ஊரிலெல்லாம் அறுத்துத் தள்ளிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி நூலில், பகடையில் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தால் குழந்தை விளையாட்டாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ளும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். அங்கே கட்டைக்குத் தனி மரியாதை இல்லை. எழுத்தைச் சுமக்க வந்த கூலி அது. ஃப்ரோபெல் செய்தது வேறு வேலை. எந்த வயதில் எந்தப் பொருள், அதற்கு முன்னால் எது, பின்னால் எது என்று வரிசை போட்டார். கைக்குழந்தைக்குக் கம்பளி நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள், அது முதல் பரிசு. பிறகு மரத்தில் ஒரு கோளம், ஓர் உருளை, ஒரு கனசதுரம். அதற்கடுத்துத்தான் நம் எட்டுத் துண்டுக் கட்டை. நான்காவதில் எட்டும் செங்கல் வடிவம் எடுக்கும். ஐந்தாவதில் சில கனசதுரங்கள் மூலைவாட்டில் அறுபட, மொத்தம் முப்பத்தொன்பது துண்டுகளாகும்.

நம் வீடுகளில் நடைவண்டியை யாரும் தவழும் பிள்ளையிடம் கொடுப்பதில்லை. ஓடியாடும் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை. சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியதும்தான் அது பரணிலிருந்து இறங்கும். பாட்டிகளுக்குத் தெரிந்திருந்த இந்தக் காலக்கணக்கை, வகுப்பறைக்கான ஒரு முறையாக எழுதிவைக்க முயன்றதுதான் ஃப்ரோபெலின் சாதனை. வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற பாடத்திட்டம் என்று இன்று ஆசிரியப் பயிற்சியில் சொல்லப்படும் பெரிய சங்கதி தொடங்கும் இடங்களில் இந்தப் பெட்டியும் ஒன்று.

ஃப்ரோபெல் 1782இல் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டார். இளவயதில் வனத்துறை வேலை பழகினார். சுவிட்சர்லாந்தின் யிவெர்டோனில் கல்வியாளர் பெஸ்டலோட்சியின் பள்ளியில் இரண்டு ஆண்டு இருந்தார். ஆனால் கட்டையைப் புரிந்துகொள்ள முக்கியமானது அவர் பெர்லினில் பார்த்த வேலை. 1814 முதல் இரண்டு ஆண்டு, படிகவியல் பேராசிரியர் கிறிஸ்டியான் வைஸிடம் கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளர். படிகங்களைப் பார்த்துப் பார்த்து, இயற்கையின் எல்லா வளர்ச்சிக்கும் உள்ளே ஒரு வடிவ ஒழுங்கு இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டார். அந்த நம்பிக்கையை மரத்தில் இழைத்ததுதான் பரிசுப் பெட்டிகள்.

அதனால் அவற்றோடு சட்டங்களும் சேர்ந்தே வந்தன. குழந்தை கட்டையால் மூன்று வகை வடிவங்கள் செய்யலாம். நாற்காலி, மாட்டுத்தொட்டி போன்றவை வாழ்க்கை வடிவங்கள். இரண்டு நாலு எட்டு எனப் பிரித்துச் சேர்ப்பவை அறிவு வடிவங்கள். நடுவிலிருந்து நட்சத்திரம்போல் விரிபவை அழகு வடிவங்கள். எதைச் செய்தாலும் எட்டுத் துண்டும் அதில் இருக்க வேண்டும். ஒன்றுகூட ஓரத்தில் கிடக்கக் கூடாது. ஒன்றைக் கலைத்துவிட்டு இன்னொன்று கட்டக் கூடாது. நாற்காலியே துண்டு துண்டாக நகர்ந்து மேசையாக மாற வேண்டும். மேசைப் பலகையில் ஓரங்குலக் கட்டங்கள் கீறியிருக்கும்.

விளையாட்டை மதித்த முதல் பெரிய ஆசிரியர், விளையாட்டுக்கு இத்தனை வேலி போட்டது ஏன் என்று கேட்கத் தோன்றும். என் பார்வையில் அவர் பிள்ளைகளைப் பார்த்த அளவுக்குப் படிகங்களையும் பார்த்தார். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்.

1840இல் தன் நிலையத்துக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டினார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1851 ஆகஸ்டில், பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. நாத்திகம், சோஷலிசம் என்பது குற்றச்சாட்டு. அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய பிரசுரத்தோடு அதிகாரிகள் குழப்பிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். மூன்று வயதுப் பிள்ளைகள் மரக்கட்டை அடுக்குவதைப் பார்த்து ஓர் அரசு பயந்த கதை இது. தடை நீங்கியது 1860இல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1852 ஜூனிலேயே காலமாகிவிட்டார். ஷ்வைனா கிராமத்தில் அவருடைய கல்லறைமேல் ஒரு கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் கோளம். இரண்டாம் பரிசு.

தடை கட்டைக்கு நல்லதே செய்தது. ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் பெட்டியையும் எடுத்துப் போனார்கள். 1856இல் மார்கரெத்தே ஷூர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில், தன் வீட்டிலேயே ஜெர்மன் பேசும் பிள்ளைகளுக்குக் கிண்டர்கார்ட்டன் நடத்தினார். 1860இல் பாஸ்டனில் எலிசபெத் பீபாடி ஆங்கிலத்தில் ஒன்று தொடங்கினார். பலகை விளையாட்டு விற்றுக்கொண்டிருந்த மில்டன் பிராட்லி, பீபாடியின் பேச்சில் மயங்கி, 1869 முதல் ஃப்ரோபெல் சாமான்களின் பக்கம் தன் தொழிலைத் திருப்பினார். அன்றோடு கட்டை தச்சரின் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது. 1873இல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் ப்ளோ அதை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்.

இந்தக் கட்டத்தில் அதற்கு ஒரு புகழ்பெற்ற மாணவனும் கிடைத்தான். 1876இல் பிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் ஓர் அம்மா பரிசுப் பெட்டிகளைப் பார்த்து மகனுக்காக வாங்கினார். மகன் ஃபிராங்க் லாய்ட் ரைட். பிற்காலத்தில் அமெரிக்கக் கட்டடக் கலையையே திருப்பிப்போட்ட அவர், மேப்பிள் மரக் கட்டைகளின் உணர்வு தன் விரல்களைவிட்டுப் போகவே இல்லை என்று எழுதியிருக்கிறார். ஃப்ரோபெல் பக்தர்கள் இதை மேற்கோள் காட்டச் சலிப்பதில்லை. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்: 1876இல் ரைட்டுக்கு ஒன்பது வயது. கிண்டர்கார்ட்டன் வயதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. சட்டங்களின் நுணுக்கத்தை ரசிக்கிற வயதில் கட்டை அவர் கைக்கு வந்தது. அதே சட்டத்தை நாலு வயதுக்காரனிடம் வைத்துப் பாருங்கள்.

அப்படி வைத்துப் பார்த்தவர்கள்தான் கலகம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கிண்டர்கார்ட்டன்களில் காலை நேரம் எப்படிப் போகும் என்றால், ஆசிரியை முன்னால் நின்று சொல்வார், இருபது பிள்ளைகள் ஒரே சமயத்தில் முதல் கட்டையை நகர்த்துவார்கள், பிறகு இரண்டாவது. ஃப்ரோபெலின் ஆன்மிகம் போய் அணிவகுப்பு மிஞ்சியிருந்தது. லூயிவில் நகரில் ஆனா பிரையனும் அவருடைய மாணவி பேட்டி ஸ்மித் ஹில்லும் இதைக் கைவிட்டு, பிள்ளைகள் தங்கள் வீட்டில் பார்த்ததைக் கட்டட்டும் என்று விட்டார்கள். கட்டையில் பொம்மைக்குக் கட்டில் செய்தார்கள்; கட்டில் சின்னதாகிவிட்டால் பெரிதாக்க என்ன வழி என்று யோசித்தார்கள். 1895இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி ஹால், இத்தனை சிறிய சாமான்களைச் சிறு விரல்களில் திணிப்பது உடலுக்கே ஒவ்வாதது என்று பேசியபோது, கேட்க வந்த கிண்டர்கார்ட்டன் ஆசிரியைகள் பெரும்பாலோர் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார்கள். உட்கார்ந்து கேட்டவர்கள் பிரையனும் ஹில்லும்.

இந்த ஹில்லை உலகம் வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறது, அது தெரியாமலேயே. அவரும் அக்கா மில்ட்ரெட்டும் வகுப்பில் காலை வணக்கம் சொல்ல 1893இல் வெளியிட்ட பாட்டின் மெட்டில்தான் இன்று கேக் வெட்டும் வீடெல்லாம் 'ஹேப்பி பர்த்டே' பாடுகிறது.

ஹில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்குப் போனார். அங்கே சூசன் ப்ளோவும் அவரும் எதிரெதிர்க் கட்சியாகச் சொற்பொழிவு ஆற்றினார்கள். கிண்டர்கார்ட்டன் சங்கம் பத்தொன்பது பேர் குழுவைப் போட்டு வருடக்கணக்கில் விவாதித்தது. 1913இல் வெளிவந்த அறிக்கையில் ஒரு முடிவு இல்லை, மூன்று அறிக்கைகள் இருந்தன. பழைமைவாதிகள் ஒரு பக்கம், புதியவர்கள் ஒரு பக்கம், நடுவில் நின்றவர்கள் ஒரு பக்கம். இதற்கிடையே ஹில் கட்டையை மேசையிலிருந்து தரைக்கு இறக்கிவிட்டார். அவர் செய்த கட்டைகள் பெரியவை. சில மூன்றடி நீளம். ஒரு பிள்ளையால் தூக்க முடியாது, துணைக்கு ஆள் கூப்பிட வேண்டும். கட்டிய வீட்டுக்குள் நுழைந்து உட்காரலாம். விரலின் வேலை உடம்பின் வேலையானது. தனி வேலை கூட்டு வேலையானது. மேசையில் கீறிய ஓரங்குலக் கட்டங்களுக்கு இனி இடமில்லை.

ஆசிரியர் கல்லூரியில் ஹில்லின் பிள்ளைகள் விளையாடியதைக் கவனித்தவர்களில் ஒருவர் கரோலின் பிராட். கட்டையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர்க்காரர். கிண்டர்கார்ட்டன் பயிற்சியில் சேர்ந்து, ஃப்ரோபெல் தத்துவத்தின் மாயமந்திரம் பிடிக்காமல், மரவேலை கற்பிக்கும் பிரிவுக்கு மாறிக்கொண்டார். அதாவது, கருத்தைவிட மரத்தை நம்பினார். நண்பர் வீட்டு ஆறு வயதுப் பையன் ஒருவன் கட்டைகளையும் பெட்டிகளையும் கையில் கிடைத்ததையும் வைத்து அறை முழுக்க ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தது தன்னை மாற்றியது என்று பின்னாளில் எழுதினார். 1914இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், ஒரு வாடகை வீட்டில், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 'விளையாட்டுப் பள்ளி' ஆரம்பித்தார். இன்று அது சிட்டி அண்ட் கன்ட்ரி பள்ளி என்ற பெயரில் அதே நகரில் நடக்கிறது.

அந்தப் பள்ளிக்காக அவர் இழைத்த கட்டைதான் இன்று உலகெங்கும் பாலர் பள்ளி அலமாரியில் இருக்கும் 'யூனிட்' கட்டை. அடிப்படை அளவு ஐந்தரை அங்குல நீளம், இரண்டே முக்கால் அங்குல அகலம், ஒன்றே காலே அரைக்கால் அங்குலக் கனம். சென்டிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 14, 7, 3.5. கனத்தின் இரு மடங்கு அகலம், அகலத்தின் இரு மடங்கு நீளம். பாதிக் கட்டை, இரட்டைக் கட்டை, நால்மடங்குக் கட்டை, முக்கோணம், வளைவு என்று குடும்பம் முழுவதும் இந்த அளவிலேயே பிறக்கும். மேப்பிள் மரம், வண்ணம் கிடையாது, எழுத்து கிடையாது, படம் கிடையாது. பாலம் கட்டும்போது நீளக் கட்டை தீர்ந்துபோனால் இரண்டு குட்டைக் கட்டைகளைச் சேர்த்து வைக்கலாம் என்று குழந்தை கண்டுபிடிக்கிறதே, அங்கே பின்னம் தொடங்கிவிடுகிறது, யாரும் பின்னம் என்று சொல்லாமலே. காப்புரிமை அவர் எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்தார்கள், செய்கிறார்கள்.

பிராட் வகுப்பில் ஆசிரியரின் வேலை என்ன? கட்டச் சொல்லிக்கொடுப்பது அல்ல. பிள்ளைகளைத் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் கூட்டிப்போவது. திரும்பி வந்ததும் தரை முழுக்கத் துறைமுகம் எழும். படகு எங்கிருந்து வருகிறது, சரக்கு எப்படி இறங்குகிறது என்று தகராறு வரும். யாருக்கும் பதில் தெரியாது. அப்படியென்றால் நாளைக்கு எங்கே போவது என்பது முடிவாகிவிட்டது. பாடத்திட்டம் அலுவலகத்தில் எழுதப்பட்டு வகுப்புக்கு வருவதில்லை. தரையிலிருந்து எழுந்து ஆசிரியரின் நோட்டுக்குப் போகிறது. ஃப்ரோபெல் போட்ட வரிசையை இது அப்படியே திருப்பிவிட்டது. அங்கே பொருள் முதலில் தயார், குழந்தை அதற்கு ஏற்ப நகர வேண்டும். இங்கே குழந்தை நகர்ந்த பிறகே அடுத்த பொருள் தயாராகும்.

"அப்படியானால் திட்டமே வேண்டாமா?" என்ற கேள்விக்கு பிராட்டைச் சுற்றியிருந்த வட்டத்திலேயே விடை இருந்தது. ஹாரியட் ஜான்சன், 1919இல் பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். அது பின்னர் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியின் வேராயிற்று. அவர் வருடக்கணக்கில் பிள்ளைகள் கட்டை அடுக்குவதைப் பார்த்து எழுதிவைத்து 1933இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் அவர் கண்ட படிநிலைகள் இன்றைக்கும் ஆசிரியப் பயிற்சியில் பாடம். முதலில் குழந்தை கட்டுவதே இல்லை. கட்டையைத் தூக்கிக்கொண்டு திரியும், கூடையில் போடும், கொட்டும். அடுத்து ஒன்றன்மேல் ஒன்று, அல்லது ஒன்றன்பின் ஒன்று, சலிக்காமல். பிறகு ஒரு பெரிய நாள் வரும்: இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மூன்றாவதை மேலே குறுக்கே வைக்கும். பாலம். நான்கு பக்கமும் அடைத்து உள்ளே வெற்றிடம் விடுவது அதற்குப் பிறகு. அப்புறம் சமச்சீரான அலங்காரங்கள். அதன் பிறகே, கட்டியதற்குப் பெயர் வைக்கும். கடைசியில், பெயரை முதலில் சொல்லிவிட்டு, அதாவது 'நான் ஆஸ்பத்திரி கட்டப்போறேன்' என்று அறிவித்துவிட்டுக் கட்டும்.

வயதைக் குறிக்கலாம், ஏறக்குறைய இரண்டில் தூக்கித் திரிவது, மூன்றையொட்டிப் பாலம். ஆனால் ஜான்சனின் வரிசையின் அழகு வேறு. கட்டைக்குப் புதிய ஐந்து வயதுப் பிள்ளையும் பெரும்பாலும் அடுக்குவதிலிருந்தே தொடங்கும், ஆனால் வேகமாகக் கடந்துபோகும். ஆகவே, வயதைப் பார்த்து மட்டும் திட்டம் எழுதினால் தவறும். கையைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இதுவரை என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு கட்டை இதே காலத்தில் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி திறந்த குழந்தைகள் இல்லத்தில் அது இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. பத்துக் கனசதுரங்கள், பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறைந்து ஒரு சென்டிமீட்டரில் முடியும். பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்க வேண்டும். தப்பாக வைத்தால் டீச்சர் சொல்ல வேண்டியதில்லை; கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும். பிராட்டின் கட்டையில் கோட்டை கட்டலாம். மாண்டிசோரியின் கட்டையில் கோட்டை கட்டினால் கட்டுப்பாடான மாண்டிசோரி வகுப்பில் மெதுவாகத் திருப்பி விடுவார்கள். அது அளவை உணர்வதற்கான கருவி, விளையாட்டுச் சாமான் அல்ல. 1914இல் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் இந்த இறுக்கத்தைத்தான் ஒரு சிறு புத்தகமே எழுதித் தாக்கினார். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மாண்டிசோரி பல பத்தாண்டுகள் தலை தூக்கவில்லை.

அந்த இளஞ்சிவப்புக் கோபுரம் சென்னைக்கு வந்தது 1939இல். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் பிரம்மஞான சபையின் சார்பில் அழைக்க, மாண்டிசோரி அந்த நவம்பரில் மகன் மாரியோவோடு அடையாறுக்கு வந்தார். சுமார் முன்னூறு பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வகுப்பு. வந்த வேலை சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டியது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. அவர் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார். மாரியோவைக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள், அம்மாவை அடையாறு வளாகத்துக்குள் இருக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாளில் மகன் விடுதலை ஆனார். போர் முடியும் வரை இருவருக்கும் ஊர் திரும்ப வழியில்லை. 1942 முதல் 44 வரை கொடைக்கானலில் இருந்தார்கள்; ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய முறை வளர்ந்தது அங்கேதான். 1949இல் வெளிவந்த அவருடைய 'தி அப்சார்பென்ட் மைண்ட்' நூலை அச்சிட்டது அடையாறு பதிப்பகம்.

இந்தியாவில் அவருடைய கட்டைக்கு முன்பே ஒரு வீடு இருந்தது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பால்மந்திர் தொடங்கியிருந்தார். அவரோடு சேர்ந்த தாராபாய் மோடக் பின்னர் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாட் மலையிலும், அனுதாய் வாக் துணையோடு ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு வேலை செய்தார். அங்கே விலை உயர்ந்த மாண்டிசோரி சாமான் எடுபடவில்லை. கூழாங்கல், விதை, சிப்பி, இலை ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று அங்கன்வாடி பிறந்தது. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் போனது. பெயரோடு கோஸ்பாட்டின் பொறுமையும் எவ்வளவு தூரம் போனது என்பது வேறு கேள்வி.

கட்டை ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. மாஸ்கோவில் உளவியலாளர்கள் லெவ் வைகாட்ஸ்கியும் சாகரோவும் இருபத்திரண்டு மரக்கட்டைகளின் அடியில் பொருளற்ற சொற்களை எழுதி, கருத்துகள் மனத்தில் எப்படி உருவாகின்றன என்று பார்த்தார்கள். ஆனால் பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது 1976இல் உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு. ஒன்றோடொன்று பொருந்தும் இருபத்தொரு மரக்கட்டைகளில் ஒரு பிரமிடு. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். உதவிக்கு ஒரு ஆசிரியை. எல்லாருக்கும் அதே ஆள். அவருடைய வேலை வயதுக்கு வயது மாறியது. மூன்று வயதுக்காரர்களை வேலைக்குள் இழுத்துவைப்பதே பெரும்பாடு. செய்து காட்ட வேண்டியிருந்தது. நான்கு வயதுக்காரர்களுக்கு வாயால் சொன்னால் போதும், தப்பு நேர்ந்தால் சுட்டினால் போதும். ஐந்து வயதுக்காரர்கள் தாங்களே கட்டிவிட்டு, சரிதானா என்று நிமிர்ந்து பார்த்தார்கள். கட்டை ஒன்றே, வேலை ஒன்றே. மாறியது பெரியவரின் கை எவ்வளவு நீள்கிறது என்பது மட்டும். கட்டடம் எழும்வரை தாங்கும் சாரம்போல் கற்பித்தல் என்ற கருத்து பரவியது இந்த ஆய்விலிருந்துதான்.

1983இல் அமெரிக்கக் கல்வி தரம் தாழ்ந்துவிட்டது என்று அரசு அறிக்கை ஒன்று அபாயச்சங்கு ஊதியது. பயந்த பள்ளிகள் ஒன்றாம் வகுப்புப் பாடத்தைக் கிண்டர்கார்ட்டனுக்கு இறக்கின. அலமாரியில் கட்டை இருந்த இடத்துக்குப் பயிற்சித்தாள்கள் வந்தன. ஹில் 1926இல் கூட்டிய குழுவிலிருந்து வளர்ந்த இளம் குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கம், இதைத் தடுக்க 1987இல் சூ பிரெடிகாம்ப் தொகுத்த கையேட்டை வெளியிட்டது. எந்த வயதில் எது பொருத்தம், எது பொருத்தமில்லை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பத்தி பிரித்தால் என்ன ஆகும்? சரி, தப்பு என்று டிக் அடிக்கும் பட்டியலாகிவிடும். யாருடைய குழந்தையை வைத்து 'பொருத்தம்' தீர்மானித்தீர்கள், நடுத்தர வர்க்க வெள்ளைக்காரக் குழந்தையை வைத்தா என்ற கேள்வியும் எழுந்தது. 1997 திருத்தத்தில் குழந்தை வாழும் சமூகமும் பண்பாடும் சேர்ந்தன. 2009, 2020 என மறுபடியும் திருத்தினார்கள். ஃப்ரோபெலின் பெட்டி அணிவகுப்பானதும், இந்தக் கையேடு பட்டியலானதும் ஒரே நோய். பிள்ளையைப் பார்த்து எழுதியதை, அடுத்த தலைமுறை பிள்ளையைப் பார்க்காமலே படிக்கிறது.

நம் பக்கமும் காகிதத்தில் குறை இல்லை. 2022 அக்டோபரில் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியே என்கிறது. 2023 பிப்ரவரி 20 அன்று அதற்கேற்ற சாமான்கள் அடங்கிய 'ஜாதுயி பிட்டாரா' வெளியானது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' இருக்கிறது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்தன. அப்படியும் ஊருக்கு ஊர் மூன்றரை வயதுப் பிள்ளை நாலு கோடு நோட்டில் எழுதி நிரப்பிக்கொண்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் டீச்சரின் அறியாமை அல்ல. நோட்டைப் பெற்றோரிடம் காட்டலாம். பாலத்தை எப்படிக் காட்டுவது? மதியத்துக்குள் கலைத்து எடுத்துவைத்தாக வேண்டும். சாமான் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற கவலையும் சேர்ந்தால், பெட்டி அலமாரியைவிட்டு இறங்காது.

கட்டை வேலை செய்ய இரண்டு தேவை: எண்ணிக்கையும் நேரமும். எட்டுக் கட்டையை நாலு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் கிடைப்பது சண்டை. பதினைந்து நிமிடம் கொடுத்தால் எடுத்து வைப்பதற்கும் திருப்பி அடுக்குவதற்கும் சரியாக இருக்கும். நாற்பது, ஐம்பது நிமிடமாவது வேண்டும். மேப்பிள் மரம்தான் வேண்டும் என்றில்லை. பட்டறையில் ஒரே அளவில் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். அளவு மட்டும் பிசகக் கூடாது, இரண்டு பாதி சேர்ந்து ஒன்றாக வேண்டும்.

திட்ட நோட்டில் எழுத அதிகம் இல்லை. இன்று ஒரு பெண் குழந்தை நான்கு கட்டையால் நாற்புறமும் அடைத்து நடுவில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால், நாளைக்குக் கட்டைக் கூடை பக்கத்தில் ஆறேழு மண் மாடுகளைச் சும்மா வைத்துவிட்டு விலகி நிற்கலாம். மாடு உள்ளே போனதும் வெளியே வர வாசல் வேண்டும். வாசலுக்கு மேலே கட்டை குறுக்கே வைத்தால் மாட்டின் கொம்பு இடிக்கும். எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவள் கொம்பை அளக்கத் தொடங்கினால், அடுத்த வாரத்துக்கான அளவைப் பாடம் அங்கேயே இருக்கிறது. மாட்டைத் தொடாமல் சுவரை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், மாட்டை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கட்டை கொடுக்க வேண்டும்.